தம்பி பிறந்தால் பட்டம் யாருக்கு?



நம்ம கூடலூர், லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அங்கிருந்து அந்தப் பக்கம் பூராவும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். நம்ம அம்மாமார் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போறாங்களே, அந்த மண்தான்.

அந்த அரண்மனையில் ராஜாவின் மகன் ராஜா ஆக முடியாது. ராஜாவின் தம்பி, அல்லது அக்கா தங்கை பெற்ற மகன்தான் அடுத்த ராஜா. இதற்கு மருமக்கத்தாயம் என்று பெயர். பெண் வழியாகப் பட்டம் போகுது என்று கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சிம்மாசனத்தில் உட்காருவது ஆண்தான். 1810-ல் தகுந்த ஆண் வாரிசு இல்லாததால் கௌரி லட்சுமி பாய் ராணி ஆனார். 1813-ல் அவருக்கு மகன் பிறந்தான். அவர்தான் பிற்காலத்தில் பாட்டு எழுதிப் புகழ்பெற்ற சுவாதித் திருநாள். உடனே அந்தக் கைக்குழந்தைதான் ராஜா. ஆண்டுகொண்டிருந்த அம்மா, குழந்தைக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்பவர் ஆகிவிட்டார்!

வேலு நாச்சியார் ஆண்ட சிவகங்கையைப் பாருங்கள். 1829-ல் அங்கே ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் மகன் இல்லாமல் இறந்தார். ஜமீன் அவருடைய அண்ணன் மகன் கைக்குப் போனது. மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1863-ல், அப்பா இறந்து 34 வருஷம் கழித்து, அவர் ஜெயித்தார். அப்பா தானாகச் சம்பாதித்த சொத்து, அதனால் அண்ணன் மகனுக்கு முன்னால் மகளுக்குத்தான் என்பது தீர்ப்பு. ஆனால் கூடப் பிறந்த ஆண் ஒருத்தர் இருந்திருந்தால் அவருக்கு வழக்கே இல்லை.

வெள்ளைக்காரர் நாட்டிலும் இதே கதைதான். எலிசபெத் 1952-ல் ராணி ஆனது அவருக்குத் தம்பி இல்லாததால். ஸ்வீடனில் 1980-ல் சட்டத்தை மாற்றினார்கள். பட்டத்து இளவரசராக இருந்த ஏழு மாதக் குழந்தை கார்ல் பிலிப் பின்னால் போக, அக்கா விக்டோரியா முன்னால் வந்தார். இங்கிலாந்தில் 2013-ல்தான் சட்டம் வந்தது. 2015-ல் பிறந்த சார்லட்டுக்கு 2018-ல் தம்பி பிறந்தும் அவள் இடம் போகவில்லை.

இப்போ கேளுங்கள் தோழிகளே! நம்ம தமிழ்நாட்டில் 1989-லேயே, இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்து ராணி வீட்டுக்கு 24 வருஷம் முன்னாடி! அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2005-ல் நாடு முழுவதும் வந்த சட்டத்தில் அதுவும் போனது. இந்த உரிமை மகளுக்குப் பிறப்பிலேயே வருகிறது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் போன வருஷம் என் அம்மா பத்திர ஆபீசுக்குப் போய், எங்க தாத்தாவின் திராட்சைத் தோட்டத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வந்தாங்க. ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாங்க. “ஏம்மா போட்ட?” என்று கேட்டேன். “பங்கு கேட்டா பொறந்த வீடு இல்லாமப் போயிரும் பாப்பா. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு மாமன் வந்து நிக்கணும்ல?” என்றாங்க.

என் மாமாமார் கெட்டவங்க இல்லை. தம்பி காதுகுத்துக்குக் கடன் வாங்கிச் சீர் கொண்டு வந்தாங்க. ஆனாலும் எனக்கு ஒன்று தோணுது. சீர் என்பது மாமா பிரியப்பட்டுக் கொடுப்பது. பங்கு என்பது பிறப்பிலேயே வந்தது. அதைக் கொடுத்து இதை வாங்கணும் என்றால் அது என்ன நியாயம்?

எங்க அப்பத்தா தம்பியைத் தூக்கி வைத்து, “காட்டுக்கு வாரிசு” என்று கொஞ்சும். “அப்ப நான்?” என்றால், “நீ போற வீட்டுப் புள்ள” என்கும். அப்பாகிட்டயும் கேட்டேன். “படிக்கிற வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டு மடை திறக்கப் போயிட்டார். மூணாவது படிக்கும் தம்பிதான், “நீ பாதி எடுத்துக்க அக்கா, மாமரம் மட்டும் எனக்கு” என்றான். பெரியவனானதும் இதை மறக்காமல் இருக்கணும்!

தோழர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நாளைக்கு உங்க அக்கா, தங்கச்சி கையெழுத்துப் போட வரும்போது பத்திரத்தை முழுசாகப் படித்துக் காட்டுங்கள். எவ்வளவு நிலம், எவ்வளவு விலை போகும் என்று சொல்லுங்கள். பங்கு வாங்கினாலும் சீர் வரும், நான் வருவேன் என்று சொல்லுங்கள். அதுக்கப்புறமும் அவங்க வேண்டாம் என்றால் அது அவங்க விருப்பம். பயந்து போட்ட கையெழுத்தாக மட்டும் இருக்க வேண்டாம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி