குரங்கும் கிராபிக்ஸ் அட்டையும்

கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதும் வயது எனக்கில்லை. ஆயினும், கிருலப்பனையில் வசிக்கும் என் தங்கையின் இளைய மகனுடைய கணினியைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. செய்தித்துறையில் பல்லாண்டுகளைக் கழித்த ஒருவனுக்கு அதில் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது.

விடயம் இதுதான். கட்டுரை எழுதவும் படம் பார்க்கவும் அந்தக் கணினி நாள் முழுவதும் சளைக்காமல் இயங்கும். கனமான விளையாட்டொன்றைத் தொடங்கினாலோ பத்து நிமிடங்களில் சட்டென்று அணைந்துவிடும். நீலத்திரை இல்லை, பிழைச்செய்தி இல்லை. ரொறன்ரோவிலிருக்கும் அவனது அண்ணன், தான் பாவித்த ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் அட்டையை ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பின்னரே இந்தத் தொல்லை ஆரம்பமாயிற்று.

அண்ணன், 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாட்டைவிட்டுப் போன பிள்ளை. சனிக்கிழமை இரவுகளில் இருவரும் சேர்ந்து விளையாடுவார்கள். விளையாட்டு ஒரு சாட்டுத்தான், பேச்சே பிரதானம். என் தங்கை இடையிடையே எட்டிப் பார்த்து, "சாப்பிட்டானோ எண்டு கேள்" என்பாள். பதில் வருமுன் கணினி அணைந்துவிடும்.

திருத்தக் கொடுத்த கடையில் இரண்டு நாட்கள் வைத்திருந்தார்கள். அங்கே அது ஒருமுறையேனும் அணையவில்லை. இருந்தும், "அட்டைதான் பழுது, புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினார்கள். "அண்ணாவுக்கு இதை எப்பிடி மாமா சொல்லுறது?" என்று மருமகன் கேட்டான். அவனுக்குப் பணத்தைவிட அதுவே பெரிய கவலை.

சுமை ஏறும்போது மட்டும் கணினி அணைகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு: வெப்பமும் மின்சாரமும். கொழும்பின் புழுக்கத்தில் வெப்பத்தைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் இன்றைய செயலிகள் நூறு பாகை செல்சியஸை அண்மித்ததும் முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோதுதான் அணையும். மருமகன் வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்தான். செயலியும் அட்டையும் எழுபதுகளிலேயே நின்றன. வெப்பம் குற்றவாளியல்ல.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் 41 என்ற இலக்கத்துடன் ஒரு குறிப்பு இருந்தது. பலர் அதையே காரணமென்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது, கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மறுமுறை இயங்கும்போது எழுதிவைக்கும் குறிப்பு மட்டுமே. பொலிஸ் பதிவேட்டில் "சடலம் கண்டெடுக்கப்பட்டது" என்றிருப்பதைப் போன்றது. யார் செய்தது என்பதை அது சொல்லாது.

கடையில் அணையவில்லை, வீட்டில் அணைகிறது. அப்படியானால் கடையில் இல்லாத எது வீட்டில் இருக்கிறது? அடுத்த சனிக்கிழமை பக்கத்தில் அமர்ந்திருந்தேன். அணைவதற்குச் சற்று முன்னர் மேசைக்கடியிலிருந்து கீச்சென்று ஓர் ஒலி. காதுகளை மூடி ஹெட்போன் போட்டிருந்த மருமகனுக்கு அது எப்படிக் கேட்கும்? கணினியோடு திரையின் சிறு விளக்கும் அணைந்ததைக் கவனித்தேன். கணினி மட்டும் பழுதென்றால் திரை ஏன் உயிரை விடவேண்டும்?

மேசைக்கடியில் இருந்தது யூ.பி.எஸ். பெட்டி. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது வாங்கியது. அதன் முதுகில் 650 விஏ என்று பெரிதாகவும், 360 வாட் என்று சிறிதாகவும் அச்சிட்டிருந்தது. தாங்கக்கூடிய உண்மையான சுமை அந்தச் சிறிய எண்தான். பழைய அட்டை 75 வாட்டோடு அடங்கியது. புதியது தனியாகவே 220 வாட் வரை இழுக்கும். செயலி, திரை, மின்வழங்கியில் வீணாவது எல்லாம் சேர்ந்தால் 400 வாட்டைத் தாண்டும். சுவரில் மின்சாரம் இருக்கும்போதும் முழுச்சுமையும் அந்தப் பெட்டியினூடாகவே செல்கிறது. அளவு மீறியதும் அது கூவி எச்சரித்துவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது.

கணினியின் வயரைக் கழற்றி நேரே சுவரில் மாட்டினோம். மூன்று மணித்தியாலம் இடைவிடாமல் ஓடியது. ஒரு சதமும் செலவில்லை. இப்போது இடையில் மின்னெழுச்சிக் காப்பு ஒன்று இருக்கிறது, யூ.பி.எஸ். பெட்டி இணைய ரவுட்டருக்கு மட்டும் காவல் நிற்கிறது.

இதைப் பார்த்தபோது எனக்கு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நினைவுக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் அமைச்சர் குமார ஜயகொடி. உலகப் பத்திரிகைகளெல்லாம் குரங்கைத் தலைப்பாக்கின. பின்னர் மின்சார சபை தந்த விளக்கம் வேறு கோணத்தைக் காட்டியது. விடுமுறை நாளின் குறைந்த தேவை, வெயிலில் கூரைகளிலிருந்து வந்த சூரியமின்சாரத்தின் பெரும்பங்கு, சுழலும் பாரிய இயந்திரங்கள் தரும் உறுதி குறைந்திருந்தமை ஆகியவற்றால் ஒரு சிறு கோளாறையும் தாங்கமுடியாத நிலையில் வலையமைப்பு இருந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றதன் விளைவாகத் தொடர்ந்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது.

குரங்கு பட்டது பொய்யல்ல. புதிய அட்டை கூடுதலாக மின்சாரம் இழுத்ததும் பொய்யல்ல. ஆனால் கடைசியாக வந்து சேர்ந்தவரைக் குற்றவாளியாக்கிவிட்டால், ஏற்கெனவே எல்லையில் நின்றது எது என்ற கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. செய்தியாளனுக்கும் கணினி திருத்துபவனுக்கும் அந்தக் கேள்விதான் தொழில்.

உங்கள் வீட்டிலும் மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பெட்டியொன்று மேசைக்கடியில் கிடக்கக்கூடும். புதிய உறுப்பு எதையும் குறைசொல்லுமுன் அதன் முதுகிலுள்ள சிறிய எண்ணை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.