நீலாசல மலையில் ஒரு ஜபக் கணக்கு

காமாக்யா கோயிலில் அம்மனுக்குச் சிலை கிடையாது. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் படிகள், எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளி, வழுக்கும் கல். அடியில் செம்பருத்தியும் சிவப்புத் துணியும் மூடிய ஒரு பாறைப் பிளவு. அதற்குள் ஊற்று நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. கைவிட்டுத் தொட்டபோது உடம்பு சிலிர்த்தது. சதிதேவியின் யோனி விழுந்த இடம் இது என்பது நம்பிக்கை. மேலே தேனடை போன்ற விமானம். 1565-இல் கோச் மன்னர் நரநாராயணன் காலத்தில், அவர் தம்பி சிலராயின் முயற்சியால் கோயில் மறுபடி எழும்பியது.

அசாமின் குவாஹாட்டி நகரையொட்டி, பிரம்மபுத்திராவின் கரையில் இருக்கிறது கோயில் நிற்கும் இந்த நீலாசல மலை. காளி, தாரா, சின்னமஸ்தா, பகளாமுகி, தூமாவதி என்று தசமகாவித்யை தேவியர் எல்லாருக்கும் இங்கே இடம் உண்டு. மந்திரசித்தி தேடுவோர் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் மலை.

பைரவி கோயில் பக்கம் சிவப்பு வேட்டி கட்டிய வங்காளத்துப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். சித்தி எப்படிக் கைகூடும் என்று கேட்டேன். அவர் சொன்னதெல்லாம் கணக்கு. புரச்சரணம் என்று அதற்குப் பெயர். மந்திரத்தின் ஓர் எழுத்துக்கு ஒரு லட்சம் ஜபம் என்பது பரவலான முறை. ஐந்தெழுத்து மந்திரமானால் ஐந்து லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு, 50,000 ஆகுதி ஹோமம். அதில் பத்தில் ஒன்று, 5,000 தர்ப்பணம். அப்புறம் 500 மார்ஜனம், அதாவது நீர் தெளித்தல். கடைசியில் 50 பேருக்குச் சாப்பாடு. நாள்தோறும் ஒரே இடம், ஒரே எண்ணிக்கை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 108 மணி உருட்டி முடித்தால் மேரு எனும் தலைமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்வதைவிட உதடு மட்டும் அசைவது மேல். மனத்துக்குள் சொல்வது அதனினும் மேல்.

வியப்பில் பேச்சே வரவில்லை எனக்கு. வசியம், தம்பனம், மாரணம் முதலான ஆறு கர்மங்களைப் பற்றித்தான் ஊரெல்லாம் கிசுகிசுக்கிறது. இந்த உழைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐந்து லட்சம் முறை ஒரே நாமத்தைச் சொன்னவனுக்கு அடுத்தவனை வசியம் செய்யும் ஆசை மிஞ்சியிருக்குமா? இருக்காது என்றே நினைக்கிறேன். சித்திகள் மந்திரத்தாலும் வரும் என்று ஒப்புக்கொண்ட பதஞ்சலியே, அவை சமாதிக்கு இடையூறு என்றும் எழுதிவைத்தார். அட்டமாசித்தியைப் பாடிய நம் திருமூலரும் சிவத்தைத்தான் முடிவாக வைத்தார்.

ஆனி மாதத்தை ஒட்டி அம்புபாச்சி வருகிறது. தேவி மாதவிலக்காகும் நாட்கள் என்று கோயிலை மூன்று நாள் அடைத்துவிடுவார்கள். அசாமில் அப்போது நிலத்தில் ஏர் பூட்டமாட்டார்கள். நாடெங்குமிருந்து சாதுக்கள் மலையேறுவது அப்போதுதான். கூட்டம் தாங்காதவர்கள் வேறு மாதத்தில், விடியற்காலையிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். பணம் கொடுத்தால் வசியம் செய்து தருகிறேன் என்று யாராவது வழிமறித்தால், நிற்காமல் நடங்கள். புரச்சரணம் செய்தவர் அப்படிக் கடை விரிக்கமாட்டார்.