பள்ளிப் பதிவேட்டில் ஒரு வரி

உங்கள் சொந்தக்காரர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். அப்பா, பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டுத் தாத்தா என்று ஒரு பத்துப் பேரைக் கேட்டால் போதும். மே மாதம், ஜூன் மாதம் என்று சொல்பவர்கள் சந்தேகப்படும் அளவுக்கு அதிகமாக இருப்பார்கள்! அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லாம் கோடையில்தான் பிறந்தார்களா என்ன?

விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிள்ளையைக் கூட்டி வந்தவரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. "ஐப்பசியில அடைமழை பெஞ்சப்ப பொறந்தான் சார்" என்பார். வாத்தியார் பையனை வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது! ஜூன் கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு தேதியை மனசிலேயே போட்டு எழுதிவிடுவார். யாரையும் ஏமாற்ற அல்ல, பிள்ளை படிக்கட்டுமே என்றுதான்.

ஆனால் அந்த ஒரு வரி அங்கேயே நிற்பதில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி.யில் ஏறும். டி.சி.யைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும். அங்கிருந்து மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அச்சான பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. பாஸ்போர்ட், வேலை, ரிடையர்மென்ட் வரைக்கும் அதே தேதிதான். தமிழ்நாட்டு அரசு ஊழியர் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதென்றால் வேலையில் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் கேட்க வேண்டும். ஓய்வு பெறப்போகிற வருடம் ஞானோதயம் வந்து பயனில்லை.

ஆக, தப்பைப் பிடிக்கக் கடைசி வாய்ப்பு உயர்நிலைப் பள்ளியில்தான். அங்கே அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் ஒரே ஒரு கிளார்க். சம்பளப் பட்டியல், உதவித்தொகை, பஸ் பாஸ், இலவச சைக்கிள் கணக்கு எல்லாம் அவர் தலையில்தான். கிளார்க் பணியிடம் காலியாக இருந்தால் ஏதாவது ஒரு ஆசிரியர் பாடத்துக்கு நடுவே பார்த்துக்கொள்வார். நூறு பேர் சேர்கிற ஜூன் மாதத்தில் ஒவ்வொரு வரியையும் நிதானமாக எழுத முடியுமா? மேலே உள்ளதே என்றால் "மேற்படி" என்று போட்டுக்கொண்டே போவார்கள்.

இந்த "மேற்படி" ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தியது தெரியுமா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றானது. அந்தப் பெண் 2006-ல் ஆறாம் வகுப்பு சேர்ந்தவர். பதினாறு வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு பழைய பள்ளிக்குப் போனார்.

"எந்த வருஷம்மா சேர்ந்த?"

"2006 சார். ஜூன்லதான்."

கிளார்க் பீரோவிலிருந்து பதிவேட்டை எடுத்தார். பெயர் இருந்தது. பயிற்று மொழி என்ற கட்டத்தில் "மேற்படி". மேலே பார்த்தால் அங்கும் மேற்படி. அந்தப் பக்கத்தின் முதல் வரியில் ஆங்கில வழி!

"நீ இங்கிலீஷ் மீடியம்னுல்லம்மா இருக்கு?"

"சார், எங்க வீட்ல என்னை யாரு சார் இங்கிலீஷ் மீடியத்துல சேர்ப்பாங்க?"

அவர் சிரித்தாலும் பதிவேட்டுக்கு எதிராகச் சான்றிதழ் கொடுக்க முடியாது. நல்ல வேளையாக அந்தப் பள்ளியில் சேர்க்கை விண்ணப்பங்களை வருடவாரியாகச் சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அவருடைய விண்ணப்பம் கிடைத்தது. தமிழ் வழி என்று தெளிவாக எழுதி, கீழே அம்மாவின் கைநாட்டு. கூடவே ஐந்தாம் வகுப்பு டி.சி. தலைமையாசிரியர் இரண்டையும் பார்த்து, பதிவேட்டில் சிவப்பு மையில் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, சான்றிதழும் கொடுத்தார்.

அந்தக் கட்டு எடைக்குப் போயிருந்தால்? நிறைய பள்ளிகளில் அதுதான் நடக்கிறது. பதிவேடு நிரந்தர ஆவணம், அதைத் தொட மாட்டார்கள். ஆனால் விண்ணப்பம் "வெறும் பேப்பர்"! உண்மையில் அந்த வரிக்கு உயிர் கொடுப்பதே அந்த வெறும் பேப்பர்தான்.

இது சும்மா சொல்வதல்ல, நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது. 1988-ல் ஒரு தேர்தல் வழக்கில் வேட்பாளர்களின் வயதுக்கு ஆதாரமாகப் பள்ளிப் பதிவேட்டைக் காட்டினார்கள். இந்தத் தேதியைச் சொன்னது யார், எழுதியது யார் என்று தெரியாமல் அந்தப் பதிவை வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

இன்னும் கனமான இடம் ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் 18 வயது நிரம்பாதவனா என்ற கேள்வி வரும்போது 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் முதலில் கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழை அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான். அது இல்லையென்றால்தான் நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை. காதைத் தொட்டானா என்று பார்த்து எழுதிய தேதி ஒரு நாள் இங்கே வந்து நிற்கலாம்! பாதிக்கப்பட்ட சிறுமியின் வயதுக்கும் இதே வரிசைதான். 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில் டி.சி.யை மட்டும் வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவப் பரிசோதனையோ அந்தப் பெண்ணுக்கு 18-க்கு மேல் என்று காட்டியது. குற்றவாளி என்று கீழே தண்டிக்கப்பட்டவர் விடுதலை ஆனார். எது சரி என்று அந்தப் பெண் பிறந்த வீட்டில் கேட்டால் ஒருவேளை மழை, திருவிழா என்று ஏதாவது அடையாளம் சொல்லியிருப்பார்கள்.

இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். வந்திருக்கிறது, நல்லதுதான். எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் இருக்கிறது, டி.சி.யும் அதிலிருந்தே வருகிறது. மழையில் நனையாது, கரையான் அரிக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சான்றிதழ்களைப் பறிகொடுத்து சிறப்பு முகாம்களில் வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தேதியைச் சொல்வதும் ஒரு மனிதர்தானே? தப்பாகச் சொன்னால் தப்பு இன்னும் வேகமாகப் பரவும், அவ்வளவுதான். 2024-ல் மாணவர்களுக்கு அபார் எண் கொடுக்கும் வேலை நாடு முழுக்கத் தீவிரமானபோது, பள்ளியில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து என்று பெயர் பொருந்தாமல் திண்டாடிய பெற்றோர் எத்தனையோ பேர். "மேற்படி" போய் "காப்பி பேஸ்ட்" வந்திருக்கிறது!

2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் மாறிவிட்டது. காதைத் தொடும் கதை அவர்களோடு முடிந்துவிடும். அதற்கு முன் பிறந்து இப்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கிற தம்பி தங்கைகள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிப் பள்ளியில் கையெழுத்துக் கேட்கும்போது அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். இனிஷியலையும் சேர்த்துத்தான்.