‘இவளை எனக்குத் தெரியும்!’

பச்சை இங்க் பேனா வெச்சிருக்கிற ஒரு மனுஷரைத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சிருக்கீங்களா? நான் அலைஞ்சிருக்கேன். அதுவும் எட்டு வயசுல!

அது 2010. அக்கா பிளஸ் டூ முடிச்சு இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு அப்ளிகேஷன் போட்ட நேரம். சர்ட்டிஃபிகேட் ஜெராக்ஸ்ல எல்லாம் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும். அக்கா சைக்கிள் மிதிக்க, நான் கேரியர்ல ஃபைலைக் கட்டிப்பிடிச்சு உட்கார, பாளையங்கோட்டை முழுக்க ஒரு ரவுண்டு. கடைசியில ஒரு ஆபீசர் சிக்கினார். செல்போனைத் தோள்ல இடுக்கிப் பேசிக்கிட்டே, பதினாறு தாள்லயும் சரசரன்னு கையெழுத்துப் போட்டார். ‘உண்மை நகல்’னு சீல் குத்தினார். அசல் சர்ட்டிஃபிகேட்டை அவர் பார்க்கவே இல்லை. அக்கா முகத்தையும்தான். எங்களுக்கு அன்னிக்கு அவர் தெய்வம்!

2014 வாக்குல ‘சுயசான்று போதும்’னு அரசாங்கமே இறங்கி வந்துட்டதால, உங்கள்ல பல பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைச்சிருக்காது. ஆனா எங்க வீட்டுல அந்த வேட்டை, பதினஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சுது. இந்தத் தடவை பாளையங்கோட்டையில இல்ல, இங்கிலாந்துல. இங்க் கலர் கறுப்பு.

நான் எம்.எஸ்சி. படிக்கப் போனது லெஸ்டர். தங்கினது அக்கா வீட்டுல. அக்கா கல்யாணமாகி 2018-ல ரெடிங் நகரத்துக்கு வந்து, மூணு வருஷத்துக்கு முன்னால அத்தானுக்கு வேலை மாறினதும் லெஸ்டருக்கு வந்தவ. 2023-ல நிரந்தரமா தங்குற உரிமை கிடைச்சுது. அதனால 2025 மார்ச்ல பிறந்த எங்க குட்டிப்பொண்ணு பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடிமகள். பேறுகாலம் பார்க்க அம்மா ஆறு மாச விசாவுல வந்திருந்தாங்க.

ஜூன் மாசம் ஊர்ல இருந்து ஃபோன். ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்த படுக்கை. வயசு 86. வீடியோ கால்ல குட்டியைக் காட்டினோம். ஆச்சிக்குக் கண்ணு சரியாத் தெரியாது. “ஏட்டி, வெளிச்சமாத்தான் தெரியுது. பிள்ளையைக் கையில தா”ன்னாங்க. அக்கா ஃபோனை வெச்சுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அம்மாவோட விசா முடிய இன்னும் பத்து வாரம்தான். அதுக்குள்ள எல்லாரும் ஒண்ணா ஊருக்குப் போயிடணும். குட்டிக்குப் பாஸ்போர்ட் வேணும். அப்புறம் அந்தப் பாஸ்போர்ட்ல இந்திய விசா வேணும். ஆமாங்க, தாத்தா ஊருக்குப் போக பேத்திக்கு விசா!

அத்தான் தபாலாபீஸ்ல ஃபார்ம் வாங்கிட்டு வந்தார். முதல் வேலை ஃபோட்டோ. ரெண்டு காப்பி, 45 மில்லிமீட்டர் உயரம், 35 அகலம். பின்னால வெளிர் நிறத் துணி. குட்டி தலையை நாம தாங்கிப் பிடிக்கலாம், ஆனா கை படத்துல தெரியக் கூடாது. ஒரு வயசுக்குள்ள இருந்தா கண்ணு திறந்திருக்கணும்னு கட்டாயமில்ல. தூங்கிக்கிட்டே பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுக்க அனுமதி உள்ள ஒரே பருவம் இதுதான்! பிரச்னை வந்தது கன்னத்துல இருந்த திருஷ்டிப் பொட்டால. “அழிச்சா கண்ணு பட்டுரும்ல”ன்னு அம்மா சண்டை. ஃபோட்டோ எடுத்த மறுநொடி ரெண்டு மடங்கு பெருசா பொட்டு வெச்சுதான் சமாதானம் ஆனாங்க.

அடுத்ததா ஃபார்ம்ல ஒரு கட்டம். அதுலதான் மாட்டினோம். ‘கவுன்ட்டர்சிக்னேட்டரி’. குழந்தைக்காக விண்ணப்பிக்கிற அம்மாவையோ அப்பாவையோ குறைஞ்சது ரெண்டு வருஷமா தெரிஞ்ச ஒருத்தர், ஃபோட்டோவுக்குப் பின்னால ‘இது இந்தக் குழந்தையின் உண்மையான தோற்றம்’னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அவர் பிரிட்டன்லயே இருக்கணும். பிரிட்டிஷ் இல்லைன்னா ஐரிஷ் பாஸ்போர்ட் வெச்சிருக்கணும். சொந்தக்காரரா இருக்கக் கூடாது, ஒரே வீட்டுல இருக்கக் கூடாது. முக்கியமா, தொழில்முறையில மட்டும் தெரிஞ்சவரா இருந்தா போதாது. நண்பர், அக்கம்பக்கம், கூட வேலை பார்க்கிறவர்னு நிஜமாவே தெரிஞ்சவரா இருக்கணும்.

எந்தெந்த வேலைக்காரர் கையெழுத்துப் போடலாம்னு ஒரு லிஸ்ட் இருக்கு. படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆசிரியர், வக்கீல், போலீஸ் எல்லாம் சரி. பப் லைசென்ஸ் வெச்சிருக்கிறவரும் போடலாம். இறுதிச் சடங்கு கான்ட்ராக்டரும் போடலாம்! ஆனா பிரசவத்துல இருந்து கூட இருந்த டாக்டர், ‘இவங்க என் ஃப்ரெண்ட்’னு சொல்ற அளவுக்குப் பழகியிருந்தாதான் போட முடியும். நம்ம ஊர்ல டாஸ்மாக் சூப்பர்வைசர் அட்டெஸ்ட் பண்ற மாதிரி நினைச்சுப் பாருங்க!

சிரிப்பு ஒரு மணி நேரம்தான் நீடிச்சுது. ஆளை எண்ண ஆரம்பிச்சோம்.

ரெடிங்ல அக்காவுக்கு உயிரைக் கொடுக்கிற தோழிகள் நாலு பேர். எல்லாரும் நம்ம ஊர்க்காரங்க, எல்லார் கையிலயும் இந்தியப் பாஸ்போர்ட். அவுட். அத்தானோட மேனேஜர் தங்கமான மனுஷர். ஆனா அத்தான் இப்போ இருக்கிற கம்பெனிக்கு மாறியே பதினெட்டு மாசம்தான். அவுட். எங்க புரொஃபசருக்கு என்னைத் தெரியும், அக்காவைத் தெரியாது. அவுட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸே பப்புக்குப் போகும்போது, அத்தான் மட்டும் பஸ் பிடிச்சு நேரா வீட்டுக்கு வந்துடுவார். “நல்ல பையனா இருந்தது தப்பாப் போச்சேடா”ன்னு தலையில கை வெச்சுக்கிட்டார்.

ஏழு வருஷம் ஒரு நாட்டுல இருந்தாச்சு. வரி கட்டியாச்சு, வாடகை கட்டியாச்சு. எங்களைத் தெரிஞ்சவங்களுக்குக் கையெழுத்துப் போடுற தகுதி இல்ல. தகுதி இருக்கிறவங்களுக்கு எங்களைத் தெரியல.

அப்பதான் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்ச ஒரு அக்கவுன்டன்ட் ஃபோன்ல வந்தார். “ரெண்டு வருஷமா தெரியும்னு போட்டுக்கலாம், யாரு கேட்கப் போறா?”ன்னார். அம்மா கும்பிடவே போயிட்டாங்க. சத்தியமா சொல்றேன், நானும் “சரி”ன்னு தலையாட்டினேன். பாளையங்கோட்டையில அதைத்தானே பண்ணினோம்!

அக்கா மட்டும் மாட்டேன்னுட்டா. “பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டா? அதைவிடு, இவ பேர்ல வாங்கப்போற முதல் பாஸ்போர்ட்டே பொய்யில ஆரம்பிக்கணுமாடா?”

“அங்க ஆச்சி காத்துக்கிட்டு கெடக்கா, உனக்கு நியாயம் பெருசாப் போச்சோ?”ன்னு அம்மா கத்த, அக்கா அழ, குட்டியும் சேர்ந்து அழ... நான் மெல்ல வெளியே நழுவிட்டேன்.

பக்கத்து வீட்டு வாசல்ல மாசி நின்னாங்க. எங்க பார்சல் ஒண்ணு அவங்க வீட்டுக்கு வந்திருந்துச்சு. மாசின்னா குஜராத்தியில சித்தி, பெரியம்மா மாதிரி. தெருவே அவங்களை அப்படித்தான் கூப்பிடும். அறுபதைத் தாண்டின, தனியா இருக்கிற அம்மா. பார்த்தா ஒரு ‘ஹலோ’, தீபாவளிக்கு ஒரு டப்பா ஸ்வீட். அவ்வளவுதான் எங்க பழக்கம்.

“குழந்தை ஏன் இப்படி அழுது?”ன்னு கேட்டாங்க. மனசு தாங்காம எல்லாத்தையும் கொட்டிட்டேன். அமைதியா கேட்டுட்டு, “அந்த லிஸ்ட்ல பார்மசிஸ்ட் இருக்கா?”ன்னாங்க.

“இருக்கு. ரிட்டயர் ஆனவங்களும் போடலாம்.”

“நான் முப்பத்தொரு வருஷம் பார்மசிஸ்ட். என்னை ஏன் யாரும் கேட்கல?”

மூணு வருஷமா ஒரே சுவர். அந்தப் பக்கம் இருக்கிறவங்க என்ன வேலை பார்த்தாங்கன்னே எங்களுக்குத் தெரியாது! அக்காகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷத்தைவிட சங்கடம்தான் அதிகம். “அவங்களுக்கு என்னைத் தெரியும்னு எப்படிடா எழுதுவாங்க? அதுவும் பொய்தானே?”

மறுநாள் காலையில மாசி வந்தாங்க. அக்கா அதே கேள்வியை நேராவே கேட்டுட்டா. மாசி சிரிச்சாங்க. விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க.

“உன் சமையலறை லைட் காலையில அஞ்சு மணிக்கு எரியும். துணி காயப்போடும்போது பாடுவ, யாராவது பார்த்தா நிறுத்திடுவ. ரெண்டாவது குளிர்காலத்துல பாதையெல்லாம் உறைஞ்சு கிடந்தப்போ, உன் வாசலோட சேர்த்து என் வாசலுக்கும் உப்பு தூவின. என் வீட்டுக்காரர் கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, ஒரு பாத்திரம் நிறைய காரமா சூப் கொண்டுவந்து குடுத்த. பேருகூட என்னவோ சொன்னியே...”

“ரசம்”னா அக்கா. குரல் உடைஞ்சிருந்துச்சு. அவளே அதையெல்லாம் மறந்துட்டா.

மாசி பிறந்தது உகாண்டாவுல. 1972 ஆகஸ்ட்ல இடி அமீன், ஆசியர்கள் எல்லாம் 90 நாளைக்குள்ள நாட்டை விட்டுப் போகணும்னு உத்தரவு போட்டப்போ அவங்களுக்கு ஒன்பது வயசு. சுமார் 28 ஆயிரம் பேர் பிரிட்டனுக்கு வந்தாங்க. ‘லெஸ்டருக்கு வராதீங்க’ன்னு அந்த நகர கவுன்சிலே உகாண்டா பத்திரிகையில விளம்பரம் கொடுத்த காலம் அது. அதையும் மீறி ஆயிரக்கணக்கானவங்க இங்கேதான் வந்து சேர்ந்தாங்க. இன்னிக்கு பெல்கிரேவ் ரோடு தீபாவளி விளக்கைப் பார்க்க அந்த ஊரே திரளுது.

“கம்பாலாவுல என் அப்பாவைத் தெரியாத ஆள் இல்லை. இங்கே வந்தப்போ அவரைத் தெரியும்னு சொல்ல ஒரு ஆள் இல்லை. வேலைக்குப் போன இடத்துல எல்லாம் அதைத்தான் கேட்டாங்க. கடைசியில எதிர் வீட்டு இங்கிலீஷ்காரம்மா ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க. ரெண்டே வரி. அதை அப்பா சாகுற வரைக்கும் பத்திரமா வெச்சிருந்தார்”னாங்க மாசி.

பேனாவை எடுத்தாங்க. ஆனா உடனே எழுதல. “முதல்ல குழந்தையைக் காட்டு”ன்னாங்க. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, குட்டியை மடியில வெச்சு, ஃபோட்டோவைப் பக்கத்துல பிடிச்சு மாத்தி மாத்திப் பார்த்தாங்க. “காது சரி. புருவம் சரி. இந்தக் கறுப்பு என்ன?” அம்மா அவசரமா பொட்டைத் துடைக்க, எல்லாரும் சிரிச்சோம். அப்புறம்தான் ஒவ்வொரு எழுத்தா, நிதானமா, கறுப்பு இங்க்ல எழுதினாங்க.

எனக்கு அந்தப் பதினாறு தாள் ஞாபகம் வந்துச்சு. அதுவும் கையெழுத்துதான், இதுவும் கையெழுத்துதான்.

பாஸ்போர்ட் வந்துச்சு. விசாவும் வந்துச்சு. அம்மாவோட விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது எல்லாரும் ஃப்ளைட் ஏறினோம். ஆச்சி பக்கத்துல குட்டியைப் படுக்க வெச்சா அக்கா. ஆச்சி நடுங்குற விரலால நெத்தி, புருவம், மூக்குன்னு தடவிக்கிட்டே வந்தாங்க. மூக்குல நின்னாங்க. “இது எங்க ஆத்தா மூக்குல்லா!”

லெஸ்டர் திரும்பின அன்னிக்கே அக்கா மாசி வீட்டுக் கதவைத் தட்டினா. கையில ஒரு கிலோ அல்வா. உள்ளே போனவ ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் வந்தா.

ஃப்ரெண்ட்ஸ், உங்க ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பையனோட ஊர் தெரியுமா? மெஸ்ல தினமும் தோசை போடுற அண்ணனுக்கு எத்தனை குழந்தைங்க? ‘இவனை எனக்குத் தெரியும்’னு உங்களுக்காக எழுதித் தர எத்தனை பேர் இருக்காங்க? அதைவிட முக்கியம், நீங்க எத்தனை பேருக்கு எழுதித் தர முடியும்?

ஒரு ஹலோவுல ஆரம்பிங்க. ரெண்டு வருஷம் சீக்கிரம் ஓடிடும்!