ஊர் கூடி விட்ட குடி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வில்லியம்ஸ் லேக் நகரிலிருந்து டாக் க்ரீக் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் அல்கலி லேக் வந்துவிடும். வழியெங்கும் காய்ந்த புல்மேடுகள், பைன் மரங்கள், மேயும் மாடுகள். ஏரியில் கோடையில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் இறங்கும். பக்கத்திலேயே செக்வெபெம் பழங்குடியினரின் எஸ்கெட் கிராமம். ஒரு காலத்தில் அக்கம்பக்கத்தார் இந்த ஊரை 'அல்கஹால் லேக்' என்றே ஏளனம் செய்தார்கள்.

அந்தக் குடிக்கு ஒரு வரலாறு உண்டு. ஊர்ப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் உறைவிடப் பள்ளியில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. 1981 வரை அந்தப் பள்ளி நடந்தது.

1970களின் தொடக்கத்தில் ஒருநாள் இந்த ஊர்ப் பெண் பிலிஸ் செல்சியின் ஏழு வயது மகள், பாட்டி வீட்டிலிருந்து திரும்பி வர மறுத்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் குடிப்பதுதான் காரணம். பிலிஸ் அன்றோடு குடியை நிறுத்தினார். கொஞ்ச நாளில் கணவர் ஆண்டியும் நிறுத்தினார். ஊரில் அவர்களோடு சேர ஆளில்லை.

ஆண்டி ஊர்த் தலைவரானதும் நிலைமை மாறத் தொடங்கியது. கள்ளச் சாராயம் விற்றவர்களைப் பிடிக்க, அடையாளமிட்ட நோட்டுகளோடு போலீஸ் வந்தது; சொந்தக்காரர்களுக்கும் விலக்கு இல்லை. உதவித்தொகையைக் குடித்தே தீர்த்தவர்களுக்குக் காசுக்குப் பதில் மளிகை, துணி வாங்கும் சீட்டு கொடுத்தார்கள்.

கண்டிப்பு மட்டும் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் சிகிச்சைக்குப் போனால், அவர் பிள்ளைகளை ஊரே பார்த்துக்கொண்டது. அவர் திரும்புவதற்குள் வீட்டைப் பழுது பார்த்து வண்ணம் அடித்து வைத்தார்கள். குடியை விட்டவர் பழைய வீட்டுக்கே, பழைய நண்பர்களிடமே திரும்பினால் மறுபடி குடிப்பார் என்பதால், வீட்டையும் சூழலையும் சேர்த்தே மாற்றினார்கள். மறந்துபோயிருந்த வியர்வைக் குடில் சடங்கும், மேளமும், மூத்தோர் வழிகாட்டுதலும் திரும்பி வந்தன. பழுக்கக் காய்ந்த கற்களில் தண்ணீர் தெளிக்க, நீராவி நிறைந்த இருட்டில் தோளோடு தோள் உட்கார்ந்து வேண்டிக்கொள்ளும் சடங்கு அது.

1980களின் நடுவில் ஊரில் 95 சதவீதம் பேர் குடியை விட்டிருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. சாக்டா இனத்தவரான பில் லூகஸ் இயக்கிய 'தி ஹானர் ஆஃப் ஆல்' படத்தில் ஊர்மக்கள் தங்கள் வேடங்களில் தாங்களே நடித்தார்கள். அதைப் பார்த்த எத்தனையோ பழங்குடி ஊர்கள் தங்கள் முயற்சியைத் தொடங்கின.

போதை விலகியபின் உறைவிடப் பள்ளி நாட்களின் கொடுமைகள் நினைவில் மேலெழுந்தன. வட்டமாக உட்கார்ந்து அவற்றை வாய்விட்டுச் சொல்லும் வேலையையும் ஊரே ஏற்றுக்கொண்டது. அது இன்னும் முடிந்தபாடில்லை.