நிலக்கரியும் சுழலியும்

களுபோவிலப் பகுதியில் யன்னற் கம்பிகளுக்கு அடிக்கடி வர்ணம் பூசாதார் அரியர். தெகிவளைக் கடற்காற்றின் உப்பு இரும்பைக் கறளாக்கும் என்பதை அவர்களுக்கு எந்நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வீடுகளுக்கு ஒளிதரும் மின்சாரத்தின் பின்னணியிலும் உப்பின் கதையொன்று உண்டு என்பதைச் சிலரே அறிவர்.

2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்றாக வளர்ந்த நுரைச்சோலை நிலையத்தில், நிலக்கரியின் நெருப்பு குழாய்களுக்கு வெளியே நிற்கிறது; குழாயினுள் எழும் தூய நீராவியே சுழலியைச் சென்றடைகிறது. கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்னாக, எஞ்சியதிற் பெரும்பகுதி குளிர்விக்கும் கடல்நீரோடு போகிறது. வாயுச் சுழலியையும் நீராவிச் சுழலியையும் இணைத்தால் இவ்விழப்புக் குறையும். ஆனால் வாயுச் சுழலியில் எரிந்த வாயுவே அலகுகளில் நேரே மோதும். கொழும்பின் களனிதிஸ்ஸவில் 1980களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட அத்தகைய சுழலிகளுக்கு டீசலே ஊட்டப்பட்டது. நிலக்கரியை ஏன் ஊட்டலாகாது?

வெப்பமே காரணம் எனப் பலரும் எண்ணுவர். அது பாதி உண்மையே. நிக்கல், கோபாற்றுக் கலப்புலோகங்களாலான அலகுகளின் குரோமியமும் அலுமினியமும் ஒட்சிசனுடன் சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகின்றன. உலோகத்தைக் காப்பது, வியப்பாயினும், அதன் சொந்தக் கறளே! நிலக்கரியின் சோடியமும் கந்தகமும் எரிகையில் சோடியம் சல்பேற்றாகி அதன்மேற் படிகின்றன. 884 பாகை செல்சியசில் அவ்வுப்பு உருகிப் படலத்தைக் கரைக்க, கந்தகம் உட்புகுகிறது. வெப்பத்தைத் தணித்தாலும் தப்பில்லை. 700 பாகையளவிலேயே கோபாற்று, நிக்கல் சல்பேற்றுக்களுடன் கலந்து அது உருகிவிடும். சாம்பற்றுகள்கள் படலத்தைச் சுரண்டுவது வேறு.

குரோமியத்தைக் கூட்டினால் அரிப்புக் குறையும்; உயர்வெப்பத்தில் அலகின் வலிமையும் குன்றும். ஆதலின் கோபாற்று, குரோமியம், அலுமினியம், இற்றியம் கலந்த பூச்சை அலகின்மேல் இடுகின்றனர். களுபோவில யன்னலுக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

உப்பைத் தாங்கும் அலகைத் தேடுவதைவிட, உப்பை அலகிடம் வரவிடாமற் தடுப்பதே அறிவுடைமை எனலாம். திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் அவ்வழியை நாடியது. நிலக்கரியை முதலில் வாயுவாக்கி, துப்புரவு செய்தபின் சுழலிக்கு ஊட்டும் 6.2 மெகாவாற்று மாதிரி நிலையமொன்றை அது அமைத்தது. ஆயின் வாயுவை நீரிற் கழுவக் குளிர்விக்க வேண்டும்; குளிர்வித்தால், மீட்க முயன்ற வெப்பத்திலேயே ஒரு பங்கு வீணாகும். சூடாகவே வடிகட்டினால் துகள்கள் அகப்படும். ஆவியாய் நிற்கும் சோடியமோ வடிகட்டியின் நுண்துளைகளினூடே வாயுவோடு வாயுவாய்ச் சென்றுவிடுகிறது.