பழைய பிரேக்குக்குப் புதுக் கை

வடக்கு இங்கிலாந்தின் கால்டர் பள்ளத்தாக்கு, பிரேக்கைத் தின்கிற ஊர். சரிவு செங்குத்து, மழை ஓயாது, பாதையெங்கும் மணற்கல். அந்தச் சேற்றில் மலைச் சைக்கிள் ஓட்டினால் ஒரு நாள் மழையிலேயே பிரேக் பேடு பாதி கரைந்துவிடும். பேடு போனால் வேறு வாங்கிப் போடலாம். பிரேக்கே பழசாகி, அதன் உதிரி பாகங்களைக் கம்பெனி நிறுத்திவிட்டால்? இதைக் கேட்டுக்கொண்டுதான் ஹெப்டன் பிரிட்ஜில், கால்வாய்க் கரையிலிருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். கூட ஓர் இளம்பெண், தொழில் பழகுகிறவர்.

இங்கே வரும் பழைய ஹைட்ராலிக் பிரேக்குகளில் பெரும்பாலும் கேலிபர் நன்றாகவே இருக்கிறது. டிஸ்கைக் கவ்வும் அந்த உலோகக் கட்டிக்கு அவ்வளவு எளிதில் சாவு கிடையாது. சைக்கிள் சாயும்போது அடிவாங்குவது, ஹேண்டில்பாரில் நீட்டிக்கொண்டிருக்கும் லீவர்தான். எந்தக் கேலிபரோடு எந்த லீவர் சேரும் என்று கண்டுபிடிப்பதுதான் இவர்களுடைய தொழிலின் சாரம்.

“முதலில் ஆயிலைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்” என்றார் பெரியவர். அவருடைய மேசைக்குப் பின்னால் இரண்டு அலமாரிகள், நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. ஒன்றில் மினரல் ஆயில் பிரேக்குகள்: ஷிமானோ, மாகுரா. மற்றதில் கார்களுக்கு ஊற்றும் டாட் ஆயிலில் ஓடுபவை: ஹோப், பழைய ஹேய்ஸ், ஆவிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு, தனித்தனி கிண்ணம், துடைக்கிற துணிகூடத் தனி. காரணம் ரப்பர். டாட் பிரேக்கின் சீல்கள் பொதுவாக ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. மினரல் ஆயில் பட்டால் அவை வீங்கிவிடும்.

வீங்கினால் எப்படியிருக்கும் என்று அந்தப் பெண் பிரித்தே காட்டினார். யாரோ பழசாக வாங்கிய டாட் கேலிபர் அது. முன்பு வைத்திருந்தவர் மினரல் ஆயிலை ஊற்றியிருக்கிறார். பிஸ்டன் அசையவே இல்லை. கால் பம்பால் காற்றடித்து, துணியை அண்டக் கொடுத்து, மெல்ல மெல்ல வெளியே தள்ளினார். ஊசிமுனையால் நெம்பி எடுத்த சீல் இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பியிருந்தது. பக்கத்தில் புதியதை வைத்தார். சதுர வெட்டுள்ள மெல்லிய வளையம், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர, வளையம் அதோடு ஒட்டிக்கொண்டு சற்று வளைகிறது. விரலை எடுத்ததும் நிமிர்ந்து, பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. பேடுகளுக்கு நடுவே இருக்கும் தகட்டு ஸ்பிரிங் இதற்குத் துணைதான். பேடு தேயத் தேய, பிஸ்டன் அந்த வளையத்துக்குள் வழுக்கி மயிரிழை முன்னே போய் உட்கார்ந்துகொள்ளும். சைக்கிளில் இதைவிட நுட்பமான பாகம் இன்னொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆயில் ஒத்துப்போனால் அடுத்தது கணக்கு. அன்று மேசையிலிருந்தது மாகுரா எம்டி5 கேலிபர். விழுந்ததில் அதன் லீவர் உடைந்திருந்தது. அதற்கு ஷிமானோ எக்ஸ்டி லீவரைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுபவர்கள் இந்தக் கலப்புக்கு ‘ஷிகுரா’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அந்த லீவர், பக்கத்துக்கு 22 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று உள்ள கேலிபருக்காகச் செய்யப்பட்டது. அதன் பரப்பு சுமார் 380 சதுர மில்லிமீட்டர். மாகுராவில் பக்கத்துக்கு 17 மில்லிமீட்டர் பிஸ்டன் இரண்டு. சேர்த்தால் 454. பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான்: பரப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடினால் கவ்வும் பலமும் அதே அளவு கூடும். அதற்கு விலையாக விரலும் அதே அளவு கூடுதலாகப் பயணம் போக வேண்டும். இந்த விகிதம் எல்லை மீறினால் லீவர் ஹேண்டில்பாரையே தொட்டுவிடும். எதிர்ப்பக்கம் மீறினால் பிரேக் கட்டைபோல் இறுகி, பிடிப்பே இருக்காது. எந்தக் கம்பெனியானாலும் பிஸ்டன் அளவையும் ஆயில் வகையையும் லீவரிலும் கேலிபரிலும் பொறித்தே விற்க வேண்டும். வெர்னியர் காலிப்பரை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, இவர்கள் தாங்களாகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்ப வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது.

லீவரையும் கேலிபரையும் இணைக்கும் ஹோஸ் விஷயம் சின்னது, ஆனால் ஒழுகுவது அங்கேதான். நட்டுக்குள் ஆலிவ் என்றொரு மெல்லிய உலோக வளையம் நசுங்கி ஹோஸைப் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போடுவதில்லை.

ஹோப் பிரேக்குகளைப் பற்றிப் பேசும்போது பெரியவர் குரலில் சொந்த ஊர்ப் பாசம் தெரிந்தது. மேட்டுக்கு அப்பால், பார்னால்ட்ஸ்விக்கில் 1989இல் தொடங்கிய கம்பெனி அது. தொடங்கிய இயான் வெதரிலும் சைமன் ஷார்ப்பும் ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்தவர்கள். தொண்ணூறுகளின் ஹோப் சி2 ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அது ஆயில் தொட்டியில்லாத, மூடிய அமைப்பு. நீண்ட இறக்கத்தில் ஆயில் சூடாகி விரிந்தால் போக இடமில்லை. பேடு தானாகவே டிஸ்கைக் கவ்வத் தொடங்கும். ஓட்டுபவர் லீவரிலுள்ள திருகைத் திருகித் தளர்த்திக்கொண்டே இறங்க வேண்டும். அந்தக் கேலிபருக்குத் தொட்டியுள்ள பிற்கால ஹோப் லீவரைப் பொருத்தியிருந்தார். இரண்டும் டாட். “இந்தச் சேர்க்கைக்கு நான் உத்தரவாதம்” என்றார்.

எல்லாவற்றுக்கும் அவர் உத்தரவாதம் தருவதில்லை. நான் இருக்கும்போதே ஓர் இளைஞர் ஆவிட் லீவரையும் ஷிமானோ கேலிபரையும் கொண்டுவந்தார்.

“சீலை மட்டும் மாற்றிவிட்டால் சேராதா?”

“உள்ளே இருக்கிற ஒவ்வொரு ரப்பரும் என்ன ரகம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. இதை நான் தொட மாட்டேன்.”

அதே இளைஞருக்குப் பழைய ஷிமானோ லீவர் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். புதிய பிரேக்கை விற்றிருந்தால் லாபம் பல மடங்கு. அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

மாலையில் மாகுரா வேலை முடிந்தது. சிரிஞ்சை மாட்டி, ஹோஸை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழிகளை மேலேற்றினார் அந்தப் பெண். ஷிமானோவின் சிவப்பு ஆயிலும் மாகுராவின் நீல ஆயிலும் கலக்காதபடி பழையதை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் புதியதை நிரப்பினார். சோதனைக்கு ஊருக்கு மேலே பட்ரெஸ் என்ற கல் பாவிய செங்குத்துச் சந்து. அதில் ஓட்டி இறங்கித் திரும்பி வந்தவர், “முன் பிரேக் அருமை. பின்னது இரண்டாம் பிடியில்தான் இறுகுகிறது” என்றார். பெரியவர் லீவரைத் தானும் இருமுறை அழுத்திப் பார்த்தார். “காற்று இருக்கிறது. கேலிபரைக் கழற்றித் தொங்கவிட்டு மறுபடி எடு” என்றார். வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, சைக்கிள் நாளைக்குத்தான் கிடைக்கும் என்று சொன்னார்.